லேப்டாப்புக்குத் தைத்த மெத்தை

மகனுக்கு,

உன் லேப்டாப் இங்கே நலம். அதன் நலத்தை அறியத்தான் உனக்கு ஆவல் என்பதால் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். இதோடு கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நீ உன் வேலையைப் பார்க்கப் போனாலும் எனக்கு ஆச்சரியம் இல்லை. போகாமல் இருந்தால் மேலே படி. அதே வீட்டில் உன்னைப் பெற்றவர்கள் என்று இரண்டு பேர் இருக்கிறோம், நாங்களும் இருக்கிறோம். நீயும் உன் மனைவியும் சுகமாகத்தான் இருப்பீர்கள், இல்லாவிட்டால் இதற்குள் தகவல் வந்திருக்கும். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று அவள் சிரிப்பாள், சிரிக்கட்டும். போனில் நான் வாயைத் திறந்தால் உடனே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அது எப்படித்தான் என் குரலைக் கேட்டதும் சொல்லிவைத்த மாதிரி வருகிறதோ தெரியவில்லை. தவிர, போன் எப்போதும் உன் அப்பாவின் சட்டைப்பையில்தான் இருக்கிறது, அவர் காதுபட உன்னைத் திட்ட முடியாது, திட்டினால் திருப்பி எனக்குத்தான் விழும். அதனால் தையல் மேஜையில் துணியை விரித்து அதன் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். கேட்டால், ஜன்னல் திரைக்கு அளவு எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நீ செய்து வைத்திருக்கிற காரியத்தை உனக்கே ஒரு தடவை சொல்கிறேன். சில காரியங்களின் லட்சணம் அடுத்தவர் வாயால் கேட்டால்தான் தெரியும். உன் மனைவிக்கு அந்த ஊரில் வேலை கிடைத்தது, நீயும் கூடவே கிளம்பினாய். அது சரி, நல்ல விஷயம், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் உன் கம்பெனியில் அதைச் சொல்லவில்லை. இந்த ஊரில் இருந்து வேலை செய்பவனுக்குத்தான் அங்கே இடம், வெளிநாடு போனால் வேலை போய்விடும் என்று, அவர்கள் கொடுத்த லேப்டாப்பை இங்கேயே திறந்தபடி வைத்துவிட்டுப் போனாய். நீ அங்கே உட்கார்ந்து இன்னொரு கம்ப்யூட்டர் வழியாக இதற்குள் நுழைந்து வேலை செய்கிறாய். அவர்களைப் பொறுத்தவரை நீ இன்னும் உன் அம்மா வீட்டில்தான் இருக்கிறாய். போன மாதம் உன் பேருக்கு ஒரு பார்சல் வந்தது, கம்பெனி ஆண்டு விழாவுக்கு ஒரு டீசட்டையும் ஒரு கோப்பையும். கொண்டுவந்தவன் நீ இருக்கிறாயா என்று கேட்டான். குளிக்கிறான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். இந்த வயதில் நான் இப்படி வாய் கூசாமல் பொய் சொல்லப் பழகிவிட்டேன், உன் உபயம். அந்த டீசட்டையை உன் அப்பா போட்டுக்கொண்டு திரிகிறார். முதுகில் கம்பெனி பேர், முன்னால் தொப்பை. கழற்றுங்கள் என்றால், “என் பிள்ளை கம்பெனி, நான் போடாம யாரு போடுவா”ங்கிறார்.

போகும்போது நீ சொன்ன புத்திமதிகள் ஒன்றா இரண்டா. அணைக்காதே, மூடாதே, சார்ஜர் வயரைப் பிடுங்காதே, வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி வைக்காதே, துடைக்கிறேன் என்று ஈரத்துணியைக் கொண்டு போகாதே. உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது நான்கூட இத்தனை சொன்னதில்லை. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். ஆட்டியதோடு நிற்காமல், கண்ணாடிச் சாமானைப் போலப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறானே என்று, சோபாவுக்குப் போடுகிற நுரைப்பஞ்சில் மிச்சம் இருந்ததை வெட்டி, வெல்வெட் உறை போட்டு, அதற்கு ஒரு மெத்தை தைத்தேன். பின்னால் தூசி படியக் கூடாது என்று என் தையல் மிஷினுக்கு இருக்கிற மாதிரி, ஓரத்தில் கொசுவம் வைத்து ஒரு போர்வையும் தைத்தேன். திரை மட்டும் வெளியே தெரியும், மற்ற இடமெல்லாம் மூடியிருக்கும். உன் அப்பா அதைத் தட்டிப் பார்த்து, “நான் ஓட்டின பஸ்ல டிரைவர் சீட்டுக்கு இந்த மாதிரி ஒரு மெத்தை இருந்திருந்தா என் இடுப்பு இன்னைக்கு நல்லா இருந்திருக்கும்”னு சொன்னார். நான் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன், நீயும் இரண்டு இதயப் படம் அனுப்பினாய். அந்தப் படத்தை எடுத்து மறுபடி ஒரு தடவை பார். பிறகு வருகிறேன் அதற்கு.

வெயில் ஆரம்பித்ததும் உன் போன் வர ஆரம்பித்தது. அங்கே உன் திரையில் ஓர் ஓரமாக இதன் சூடு எண்ணாகத் தெரிகிறதாமே, அந்த எண் ஏறினால் உனக்கு இங்கே நினைவு வந்துவிடும். தொட்டுப் பார், சூடாயிருக்கா, விசிறி சத்தம் போடுதா, பக்கத்துல ஜன்னல் திறந்திருக்கா. தினம் ஒரு தடவை, சில நாள் இரண்டு தடவை. உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நெஞ்சில் அறுவை சிகிச்சை செய்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு ஓர் உத்தியோகம் கிடைத்துவிட்டது. போன் அடித்ததும் எழுந்து போவார், ஜுரத்துக்குப் பார்க்கிற மாதிரி புறங்கையை வைத்துப் பார்ப்பார், “பானெட்டு கொஞ்சம் சூடுதான்பா, ஆனா இஞ்சின் திணறல”ன்னு உனக்குச் சொல்வார். நீ சரி என்று வைத்துவிடுவாய். அவர் மட்டும் போனை இன்னும் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருப்பார். நீ வேலை செய்கிற நேரத்தில் அந்தத் திரையில் அம்புக்குறி தானாக நகரும் இல்லையா, அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். “வந்துட்டான் பாரு”ன்னு என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். அம்புக்குறியைப் பார்த்து மகன் வந்துவிட்டான் என்கிற மனிதரை நான் என்ன சொல்வது.

அப்புறம்தான் உன் உத்தரவு வந்தது, அதை ஏசி அறையில் வை என்று. இந்த வீட்டில் ஏசி இருப்பது ஒரே அறையில், அதுவும் உன் அப்பாவின் உடம்பு உஷ்ணம் தாங்காது, குளிர்ச்சியான இடத்தில் படுக்க வையுங்கள் என்று டாக்டர் சொன்னதால் போட்டது. உனக்கு அது தெரியாது என்று சொல்லாதே. அந்த அறையிலேயே இருவரும் இருக்கட்டுமே என்றேன். அதற்கு நீ, அப்பா அடிக்கடி கதவைத் திறந்து மூடுவார், குளிர் நிற்காது, மீட்டிங்கில் லேப்டாப் மைக் வழியாக அவர் இருமுவதும் கேட்கும், ஒரு நாள் கேட்டுவிட்டது, மானேஜர் யார் என்று விசாரித்தார் என்றாய். நான் பதில் சொல்வதற்குள் அவரே தலையணையைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். “அவன் வேலை முக்கியம்மா. எனக்கென்ன, கூடத்துல காத்து நல்லா வருது”ன்னு சொன்னார். கூடத்தில் வருகிற காற்று எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், நீ அங்கே படுத்து வளர்ந்தவன்தானே. மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராக உள்ளே வரும், என் இஸ்திரிப்பெட்டி வேறு நாள் முழுக்க ஆவியைக் கக்கிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் உன் அப்பாவுக்குக் கட்டில், குளிர்ந்த அறையில் உன் லேப்டாப்புக்கு வெல்வெட் மெத்தை.

இத்தனைக்குப் பிறகும் எண் இறங்கவில்லை என்று நீ கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். ஏசியை இன்னும் குறைத்து வை என்றாய், குறைத்தேன். கதவிடுக்கில் துணியை அடை என்றாய், அடைத்தேன். அந்த அறைக்குள் போனால் பல் தந்தியடித்தது, போர்வைக்குள் கையை விட்டால் இது மட்டும் கொதித்தது. எனக்குப் புரியவில்லை, உனக்கும் புரியவில்லை. ஆனால் படித்தது நீ. ஒரு நாள் மத்தியானம், எண் எக்கச்சக்கமாக ஏறுகிறது என்று நீ கூப்பிட்டதும் அப்பா கட்டிலில் இருந்து எழுந்து போனார். நான் திரைத்துணி மடிப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். முகம் சிவந்திருக்கிறதே, நீங்கள் படுங்கள், நான் பார்க்கிறேன் என்றேன். “எனக்கு ஒண்ணுமில்ல”ன்னு சொல்லிக்கொண்டே நடந்தவர், அந்த அறைக் கதவைத் திறந்து குளிர்காற்று முகத்தில் அடித்ததும் நிலையைப் பிடித்தபடி அப்படியே சரிந்தார். இஸ்திரிப்பெட்டியைத் துணி மேலேயே போட்டுவிட்டு ஓடினேன். வாடிக்கைக்காரரின் துணி பொசுங்கிப் போனது, அது கிடக்கட்டும். தொட்டால் உடம்பு அடுப்பாக இருந்தது. எதிர்வீட்டு நர்ஸ் அந்த நேரம் வீட்டில் இருந்தாள், நம் நல்ல காலம். அவள் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டு, கையோடு குளுக்கோஸ் பாட்டிலைக் கொண்டுவந்து, ஜன்னல் திரை மாட்டுகிற கம்பியில் தொங்கவிட்டு ஏற்றினாள். “கொஞ்சம் விட்டிருந்தா நெஞ்சு தாங்கியிருக்காதுக்கா. டாக்டர் அவ்வளவு சொல்லியும் இவரை ஏன் இந்த உலையில படுக்க வெச்சிருக்கீங்க”ன்னு என் முகத்துக்கு நேராகக் கேட்டாள். நான் என்ன பதில் சொல்ல, லேப்டாப் படுத்திருக்கிறது என்றா.

அப்போதுதான் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. பாட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போதே, படுத்திருக்கிறவர் நெஞ்சின் மேல் அது துடிக்கிறது, அவர் கண்ணைத் திறந்து எடு எடு என்று ஜாடை காட்டுகிறார். எடுத்தேன். அப்பா விழுந்துவிட்டார், குளுக்கோஸ் ஏறுகிறது என்றேன். நீ சொன்னதை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை, அப்படியே எழுதுகிறேன். “ஐயையோ, இப்ப எப்படி இருக்காரு, பக்கத்துல ஆள் இருக்காங்கல்ல? சரிம்மா, அப்படியே உள்ள போய் அது ஓடுதான்னு மட்டும் ஒரு தடவை பாத்துடேன், பாதி மீட்டிங்ல கட்டாயிடுச்சு, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க.” இதுதான் நீ சொன்னது. இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டாய், பதிலுக்கு மூச்சுவிடக்கூட எனக்கு இடம் கொடுக்கவில்லை. நான் உள்ளே போனேன். புருஷனைக் கீழே கிடத்திவிட்டு லேப்டாப்பைப் பார்க்கப் போனேன், அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அது அணைந்து கிடந்தது. சூடு தாங்காமல் தானே நிறுத்திக்கொண்டதாம். அதற்காவது தாங்க முடியாதபோது நிறுத்திக்கொள்ளத் தெரிந்திருக்கிறது, உன் அப்பாவுக்குத் தெரியவில்லை. பொத்தானை அழுத்தி எழுப்பிவிட்டேன். உன் மீட்டிங் நல்லபடியாக முடிந்தது என்று பின்னால் செய்தி அனுப்பியிருந்தாய், கட்டை விரல் படத்தோடு.

மறுநாள் காலையில் உன்னைக் கேட்காமல் இடத்தை மாற்றினேன். அவரை ஏசி அறைக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன், உன் லேப்டாப்பைக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். உன் அக்கா பிள்ளைகளோடு வந்திருந்தாள், அவள் என்னைவிடக் காரம். “அணைச்சுத் தொலைம்மா, வேலை போனாத்தான் அவனுக்கு வீடு எங்க இருக்குன்னு தெரியும்”னு வயரைப் பிடுங்கப் போனாள். உன் அப்பா கட்டிலில் இருந்து எழுந்து உட்கார்ந்துகொண்டு, “அவன் சோத்துல மண்ணைப் போடாதீங்க”ன்னு சத்தம் போட்டார். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு உனக்காகச் சத்தம் போட்டார். அவர் குரல் உயர்ந்ததும் அவள் கையை எடுத்துவிட்டாள், எனக்கும் அவரைப் பார்த்தால் பயமாக இருந்தது. அதனால்தான் அன்று உன் வேலை பிழைத்தது. எங்கள் பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ளாதே.

கூடத்து வெயிலில் இது என்ன ஆகுமோ என்று, கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற பெண்ணை வரச் சொன்னேன். வந்தவள் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை, அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “யாரு ஆன்ட்டி இதுக்கு மெத்தை போட்டது, போர்வை வேற, தாலாட்டு பாடுவீங்களா”ன்னு கேட்டாள். எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது, ஆனாலும் கேட்டுக்கொண்டேன். காற்றை அது அடிப்பக்கமாக இழுத்து ஓரமாக வெளியே விடுமாம். அடியில் மெத்தென்று எதையாவது வைத்தால் மூக்கைப் பொத்தியது போலாம், ஓரத்தை மூடினால் வாயையும் பொத்தியது போலாம். அந்த நிலையில் ஏசி அறை என்ன, ஐஸ் கட்டி மேல் வைத்தாலும் அது வேகத்தான் செய்யுமாம். பிறகு அடிமூடியைக் கழற்றி விசிறியைக் காட்டினாள். என் தையல் துணியின் பிசிறெல்லாம் போய் அங்கே திட்டாக அப்பியிருந்தது, மேல் அடுக்கு சிவப்பு, அதற்குக் கீழே நீலம். எந்த வாரம் எந்தத் துணி தைத்தேன் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். தூரிகையால் தட்டி, காற்று அடித்து எடுத்தாள். என் இஸ்திரிப்பெட்டியை நிறுத்தி வைக்கிற கம்பித் தாங்கி இருக்கிறதே, அதன் மேல் வைத்துப் பார்த்தாள், அடியில் காற்று தாராளமாகப் போனது. அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். ஜன்னல் வெயில் படாத மூலை, எதிரே ஒரு சின்ன மேஜை விசிறி, அவ்வளவுதான். ஜன்னல் என்று அவள் சொன்னது லேப்டாப் திரையில் திறக்கிற கட்டங்களை, நீ மூடாமல் விட்டவை வரிசையாக இருந்தனவாம், பாட்டு ஓடுகிறது ஒன்று, படம் பாதியில் நிற்கிறது ஒன்று. அவற்றையும் மூடிவிட்டுப் போனாள், அதிலேயே பாதி சூடு போய்விடும் என்றாள். அதன் பிறகு கூடத்திலேயே அது சில்லென்று ஓடுகிறது.

இப்போது அந்தப் போட்டோவுக்கு வா. மெத்தை தைத்தவள் நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. நான் துணியோடு வாழ்கிறவள், எதையும் பத்திரப்படுத்து என்றால் மெத்தென்று எதையாவது அடியில் வைக்கத்தான் தெரியும். ஆனால் நாள் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற நீ அந்தப் படத்தைப் பார்த்தாய், இரண்டு இதயம் அனுப்பினாய். மெத்தையை எடும்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏசி அறையே தேவைப்பட்டிருக்காது, உன் அப்பா அந்த உலையில் வெந்திருக்க மாட்டார். சரியாகப் பார்க்கவில்லை என்பாய். அதைத்தான் நானும் சொல்கிறேன், இந்த வீட்டில் இருந்து வருகிற எதையும் நீ சரியாகப் பார்ப்பதில்லை, அந்த எண் ஒன்றைத் தவிர.

சரி, அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவருக்கும் உடம்பு தேறியது, உன் இயந்திரத்துக்கும் தேறியது. ஆனால் எண் இறங்கியதும் உன் போன் நின்றுவிட்டது. அறுந்து விழுந்த நூல் மாதிரி, ஒரேயடியாக. முதல் இரண்டு நாள் அவர் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். அப்புறம் போனை எடுத்து எடுத்துப் பார்த்தார், சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தார், எதிர்வீட்டு நர்ஸிடம் போய், உன் போனில் இருந்து இதற்கு ஒரு தடவை அடித்துப் பாரும்மா என்று கேட்டார், நன்றாகத்தான் அடித்தது. நீங்களே கூப்பிடுங்களேன் என்றேன். “வேலையா இருப்பான், தொந்தரவு பண்ணக் கூடாது”ன்னு சொல்லி அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். பிறகு ஒரு நாள் திடீரென்று நீ கூப்பிட்டாய், எண் ஏறுகிறது என்று. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. “ஆமாம்பா, கொஞ்சம் சூடுதான், நான் பாத்துக்கறேன், நீ கவலைப்படாதே, சாப்பிட்டியா”ன்னு கேட்டார். நீ என்ன சொன்னாயோ, அன்று முழுக்க வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். நான் போய்த் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, வெயில் கூடிவிட்டது போல என்று விட்டுவிட்டேன். அடுத்த நாளும் நீ கூப்பிட்டாய், அதற்கு அடுத்த நாளும்.

போன வாரம், தைத்த திரைகளை மாட்டிவிட்டு வரலாம் என்று ஒரு வீட்டுக்குப் போனேன். அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயோ போயிருந்தார்கள், போன வேகத்தில் திரும்பிவிட்டேன். கதவைத் திறந்தால் கூடத்தில் உன் அப்பா. ஏசி அறையை விட்டு வெளியே வந்து, அந்தக் கொதிக்கிற கூடத்தில், உன் கம்பெனி டீசட்டை முதுகோடு ஒட்ட வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருக்கிறார். மேஜை விசிறி நிறுத்தியிருக்கிறது. நான் அலமாரியில் போட்டு வைத்த வெல்வெட் மெத்தையைத் தேடி எடுத்து லேப்டாப்புக்கு அடியில் சொருகி, கொசுவம் வைத்த போர்வையை ஒழுங்காக இழுத்து மூடி, அதன் மேல் கையை வைத்தபடி இன்னொரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் கையை எடுத்தார், பஸ்ஸைக் கொண்டுபோய் மரத்தில் இடித்துவிட்டவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். நான் கத்தினேன், தெருவே கேட்கும்படி கத்தினேன். புத்தி கெட்டுப் போச்சா, டாக்டர் என்ன சொன்னார், திரும்ப விழுந்தால் யார் தூக்குவது, அந்த இழவு எரிந்து போனால் அவன் வேலையும் சேர்ந்துதானே போகும் என்று என்னென்னவோ. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாக, “அது சூடானாத்தானேம்மா அவன் கூப்பிடறான்”னு சொன்னார். மெத்தையை உருவி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஆக, நீ இதைத் தெரிந்துகொள். சில நாட்களாக உன் எண் ஏறியதற்கு வெயிலும் காரணம் இல்லை, தூசியும் காரணம் இல்லை. உன் குரலைக் கேட்பதற்காக உன் அப்பா அதற்கு ஜுரம் வரவழைத்துக்கொண்டிருந்தார். பஸ் இஞ்சின் சூடாகிறது என்றால் நடுவழியில் நிறுத்தி, பயணிகள் எல்லாரும் திட்டினாலும் ஆறட்டும் என்று காத்திருந்து வண்டியை எடுத்தவர் அவர், அத்தனை வருடத்தில் ஓர் இஞ்சினைப் பொசுக்கியதில்லை. அவரை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டாய். உன் அக்காவிடம்கூட இதை நான் சொல்லவில்லை, அவரைப் பார்த்துச் சிரிப்பாளோ, உன்னைப் பார்த்துக் காறித் துப்புவாளோ, இரண்டையும் என்னால் பார்க்க முடியாது. பெற்ற மனம் பித்து என்பார்கள், அந்தப் பழமொழியின் மிச்சப் பாதி உனக்கும் தெரியும், எழுதி மையைச் செலவழிக்க மாட்டேன்.

இப்போது நான் என்ன செய்திருக்கிறேன் என்றால், மெத்தையைத் துவைத்துக் காயவைத்து என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில், கை எட்டுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். உன் லேப்டாப் இனிமேல் சூடாகாது. தாங்கியில் இருக்கிறது, எதிரே விசிறி ஓடுகிறது, பிசிறு சேராமல் நானே வாரம் ஒரு தடவை தூரிகை போடுகிறேன், உன் அப்பாவை அந்தப் பக்கம் விடுவதில்லை. உன் எண் இறங்கியே இருக்கும். ஆகவே அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நீ இங்கே போன் செய்ய இனி வழியே இல்லை. இனி இந்த வீட்டில் போன் அடித்தால் அது உன் அப்பாவுக்காகத்தான் அடிக்க வேண்டும். அடிக்கிறதா என்று நான் பார்க்கத்தான் போகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர எத்தனை நாள் பிடிக்கும் என்று தபால் அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்வேன், அதற்கு மேல் ஒரு வாரம் பொறுப்பேன். அப்போதும் அடிக்கவில்லை என்றால், மெத்தையை நானே அதற்கு அடியில் போடுவேன், போர்வையையும் மூடுவேன், விசிறியையும் நிறுத்துவேன். அது தானே அணைந்துகொள்ளும், நான் எழுப்ப மாட்டேன். அப்பா சத்தம் போட்டாலும் சரி. அப்போது உனக்கு எவ்வளவு பெரிய மீட்டிங் இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. மிரட்டுகிறாள் என்று உன் மனைவியிடம் சொல்லிச் சிரிக்காதே, நான் தைத்துத் தருகிறேன் என்று சொன்ன தேதியைத் தவறவிட்டதாக இந்தத் தெருவில் ஒருத்தர் சொல்ல மாட்டார்.

கூப்பிட்டால் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே. அவர் மாத்திரை போட்டாரா, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, ராத்திரி தூக்கம் வருகிறதா, இதைக் கேள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் பஸ்ஸைப் பற்றிக் கேள், அவரே பேசிக்கொள்வார், நீ உம் கொட்டினால் போதும். நீ அங்கே வைத்திருக்கிற கம்ப்யூட்டரையும் படுக்கை மேல் வைத்து வேலை செய்யாதே, பலகை மேல் வை. சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன், கை எழுதிவிட்டது. உன் மனைவிக்கு என் ஆசீர்வாதம், அவள்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. உனக்கும் ஆசீர்வாதம்தான், நல்லா இரு என்பதைத் தவிர வேறு சொல்ல எனக்கு வாய் வராது, அதுதான் உனக்கு இத்தனை நாள் வசதியாகப் போயிற்று. மறக்காதே, மெத்தை என் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பாவின் மனைவி.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கப் போனேன், அவர் வந்து பின்னால் நின்றார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார், திரைக்கு அளவு என்றேன். இத்தனை பக்கமா அளவு என்றார். அவர் பஸ் ஓட்டினவர், கண்ணாடியில் பின்னால் இருப்பவர்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பவர், அவரை ஏமாற்ற முடியுமா. “அவனுக்குத்தான்னா, லேப்டாப் இன்னைக்குக் கொஞ்சம் சூடா இருக்குன்னு ஒரு வரி சேத்து எழுதிடு”ன்னு சொல்லிவிட்டுப் போனார். எழுதிவிட்டேன். எழுந்து போய்த் தொட்டும் பார்த்தேன், அது சில்லென்றுதான் இருக்கிறது.